மாடியில் விட்டு வைத்த கம்பி: மென்பொருளில் 'எக்ஸ்டென்சிபிலிட்டி' எங்கே தேவை, எங்கே வீண்?

தமிழ்நாட்டில் எந்த ஊரின் புதுத் தெருவில் நடந்தாலும் இந்தக் காட்சி கண்ணில் படும். கீழ்த்தளம் மட்டும் கட்டிய வீடு. மொட்டை மாடியில் பில்லர் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். "பின்னாடி பையனுக்குக் கல்யாணம் ஆச்சுன்னா மேல ஒரு போர்ஷன் எடுத்துக்கலாம்" என்று வீட்டுக்காரர் கொத்தனாரிடம் சொல்லி விட்டு வைத்த கம்பி அது.

சில வீடுகளில் பத்து வருடத்தில் மாடி எழும்பிவிடும். சில வீடுகளில் பையன் வெளியூரிலேயே தங்கிவிடுவான். கம்பி மழையில் நனைந்து துருப்பிடித்து நிற்கும். இன்னும் சில வீடுகளில் மேலே கம்பி இருக்கும், ஆனால் அஸ்திவாரம் ஒரு தளத்தைத் தாங்கத்தான் போட்டிருப்பார்கள். மாடி எடுக்க வந்த இன்ஜினீயர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

மென்பொருள் துறையில் 'எக்ஸ்டென்சிபிலிட்டி' என்று சொல்லப்படும் நீட்டிக்கும் தன்மையும் இந்த மூன்று வீடுகளின் கதைதான்.

எக்ஸ்டென்சிபிலிட்டி என்றால் என்ன?

இன்று ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருளில், நாளை வரப்போகும் புதிய வேலை ஒன்றை, இருப்பதை உடைக்காமல் சேர்க்க முடிகிறதா? முடிந்தால் அது நீட்டிக்கத்தக்க மென்பொருள். அவ்வளவுதான்.

பலரும் இதை ஸ்கேலபிலிட்டியோடு குழப்பிக்கொள்கிறார்கள். பேருந்து டிக்கெட் விற்கும் ஆப் ஒன்று தீபாவளி சீசனில் பத்து மடங்கு கூட்டத்தைத் தாங்கினால் அது ஸ்கேலபிலிட்டி. அதே ஆப்பில், பழைய நிரலைப் பிய்த்துப் போடாமல் ரயில் டிக்கெட்டையும் சேர்க்க முடிந்தால் அது எக்ஸ்டென்சிபிலிட்டி. ஒன்று, அதே வேலையை அதிகமாகச் செய்வது. மற்றொன்று, முன்பு யோசிக்காத வேலையைச் செய்வது.

கணினி அறிவியலாளர் பெர்ட்ராண்ட் மேயர் 1988-ல் வெளியான தன் புத்தகத்தில் இதை ஒரு விதியாகவே வைத்தார். ஒரு மென்பொருள் பகுதி புதியதைச் சேர்க்கத் திறந்திருக்க வேண்டும். இருப்பதை மாற்ற மூடியிருக்க வேண்டும். 'ஓப்பன்-க்ளோஸ்ட்' என்ற பெயரில் ஐடி இன்டர்வியூக்களில் இன்றும் கேட்கப்படுவது இந்த விதிதான்.

இதை ஒப்பிப்பது சுலபம். எங்கே திறப்பது, எங்கே மூடுவது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். எல்லா இடத்திலும் கம்பி விட்டு வைப்பதைத் திறமை என்று பல குழுக்கள் நினைக்கின்றன. பின்னால் தொடவே முடியாத இடம் எது என்று பார்த்து அங்கே இடம் விடுவதும், மற்ற இடங்களைச் சும்மா விடுவதும்தான் உண்மையான திறமை. கடந்த 30 ஆண்டுகளின் சில பெரிய அனுபவங்கள் இதைத்தான் காட்டுகின்றன.

சுவரே இல்லாத வீடு

2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வெளியானது. அதன் பெரிய கவர்ச்சிகளில் ஒன்று ஆட்-ஆன். யார் வேண்டுமானாலும் எழுதலாம். பிரவுசரின் மெனு, டூல்பார், உள்ளே ஓடும் நிரல் என்று கிட்டத்தட்ட எதை வேண்டுமானாலும் மாற்றலாம். வெப் டெவலப்பர்கள் கொண்டாடிய ஃபயர்பக் போன்ற கருவிகள் இந்தச் சுதந்திரத்தில் பிறந்தவை.

சிக்கலும் அங்கேயேதான் தொடங்கியது. ஆட்-ஆன்களுக்கென்று தனிக் கதவு இல்லை. வீட்டுக்குச் சுவரே இல்லை. பிரவுசரின் எந்த உள் பாகத்தை மாற்றினாலும் யாரோ ஒருவரின் ஆட்-ஆன் உடையும். எந்தத் தூணை நகர்த்தப் போனாலும் அதில் யாராவது கயிறு கட்டித் துணி காயப்போட்டிருப்பார்கள்.

2008-ல் கூகுள் குரோம் வந்தது. டேப்களைத் தனித்தனி ப்ராசஸாகப் பிரித்து ஓட்டியது. ஒரு டேப் செயலிழந்தாலும் மற்றவை தப்பித்தன. ஃபயர்ஃபாக்ஸும் அப்படி மாற வேண்டியிருந்தது. ஆனால் பழைய ஆட்-ஆன்கள் பலவும் எல்லாமே ஒரே ப்ராசஸில் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. ப்ராசஸைப் பிரிக்கும் வேலை சாதாரணப் பயனாளர்களின் கைக்கு வந்து சேர 2016 ஆகஸ்ட் ஆனது. 2017 நவம்பர் 14 அன்று வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 57, பழைய பாணி ஆட்-ஆன்களை முற்றிலுமாகக் கைவிட்டது. 2015-லேயே அறிவித்திருந்தும் பலருக்கு அது அதிர்ச்சிதான். வருடக்கணக்கில் உழைத்து எழுதிய ஆட்-ஆன்கள் ஒரே அப்டேட்டில் செல்லாக்காசாயின.

இதற்குப் பின்னால் பொறியாளர்கள் நன்கு அறிந்த ஒரு விஷயம் உண்டு. கூகுளில் பணியாற்றிய பொறியாளர் ஹைரம் ரைட்டின் பெயரால் வழங்கும் 'ஹைரம் விதி' அதைச் சொல்கிறது: போதுமான அளவு ஆட்கள் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், நீங்கள் வாக்குறுதி தராத நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார். திறந்து வைத்த எதுவும் வாக்குறுதிதான், எழுதிக் கொடுக்காவிட்டாலும்.

அளவெடுத்து வைத்த கதவு

இன்றைக்கு ஏராளமான டெவலப்பர்களின் திரையில் இருக்கும் விஷுவல் ஸ்டுடியோ கோட், 2016-ல் முதல் முழுப் பதிப்பாக வந்தபோது வேறு வழியில் போனது. அதன் எக்ஸ்டென்ஷன்கள் தனி ப்ராசஸில் ஓடும். திரையில் தெரியும் எடிட்டரின் உள் அமைப்பை நேரடியாகத் தொட முடியாது. மைக்ரோசாஃப்ட் கொடுத்த வாசல் வழியாகக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஒரு எக்ஸ்டென்ஷன் திணறினாலும் டைப் செய்வது தடைபடக் கூடாது என்பதே நோக்கம்.

ஆரம்பத்தில் இது கட்டுப்பாடாகத்தான் தெரியும். ஆனால் அந்தக் கட்டுப்பாடு இருப்பதால்தான் எக்ஸ்டென்ஷன்களைப் பெருமளவில் உடைக்காமல் எடிட்டரின் உட்புறத்தை மாற்றிக்கொண்டே போக முடிகிறது.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. தனி ப்ராசஸில் ஓடினாலும் அந்த எக்ஸ்டென்ஷனுக்குப் பயனாளரின் ஃபைல்களைப் படிக்கும் உரிமை உண்டு. கெட்ட எண்ணத்தோடு எழுதியதை அந்தச் சுவர் தடுக்காது. அத்துடன், கதவின் சாவி யாரிடம் என்ற கேள்வியும் வருகிறது. குரோமில் எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளைக் கூகுள் மாற்றியபோது, அதுவரை வேலை செய்த சில விளம்பரத் தடுப்பான்களின் கை கட்டப்பட்டது. பாதுகாப்புக்காக என்றது கூகுள். விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனம் எடுக்கும் முடிவா இது என்று கேட்டார்கள் விமர்சகர்கள். கதவு வைப்பவருக்கு அதைச் சுருக்கும் அதிகாரமும் சேர்ந்தே கிடைக்கிறது.

20-க்கும் 21-க்கும் நடுவில்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9.39 மணி. க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறிய அப்டேட்டை அனுப்பியது. உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோயின. விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. இந்தியாவில் சில பயணிகள் கையால் எழுதிய போர்டிங் பாஸோடு விமானம் ஏறினார்கள்.

இதுவும் எக்ஸ்டென்சிபிலிட்டியின் கதைதான். தாக்குதல்கள் நாள்தோறும் மாறும். ஒவ்வொரு முறையும் மென்பொருளையே மாற்றி அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. அதனால் மென்பொருள் அப்படியே இருக்க, புதிய விதிகள் மட்டும் தனி ஃபைலாக வரும்படி வடிவமைத்திருந்தார்கள். யோசனையில் தவறில்லை. மாடி எடுக்கக் கம்பி விட்டது போலத்தான்.

தவறு கம்பியும் பில்லரும் சேரும் இடத்தில் இருந்தது. ஒரு வகை விதிக்கு 21 தகவல்கள் உண்டு என்று வரையறை சொன்னது. கணினியில் ஓடிய நிரலோ 20 தகவல்களைத்தான் கொடுத்தது. அதுவரை வந்த ஃபைல்கள் 21-வது இடத்தில் 'எதுவாக இருந்தாலும் சரி' என்று சொல்லியிருந்ததால் யாரும் அந்த இடத்தை எட்டிப் பார்க்கவில்லை. ஜூலை 19 அன்று வந்த ஃபைல்தான் முதல்முறையாக 21-வதை உண்மையிலேயே கேட்டது. இல்லாத இடத்தைப் படிக்கப் போன மென்பொருள் விழுந்தது. அது விண்டோஸின் மையத்திலேயே ஓடும் பகுதி என்பதால் கணினியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது.

78 நிமிடங்களில் அந்த ஃபைலைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே விழுந்த கணினிகளில் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாக ஆள் போய்த் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. மென்பொருளின் புதிய பதிப்பு என்றால் படிப்படியாக அனுப்பும் பழக்கம் இருந்தது. இந்த விதி ஃபைல்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. "வெறும் டேட்டா தானே" என்ற நினைப்புதான் காரணம். வெளியிலிருந்து வந்து உள்ளே ஒரு முடிவை மாற்றும் எதுவும் வெறும் டேட்டா அல்ல. முன்வாசலில் செக்யூரிட்டியை நிறுத்திவிட்டுப் பின்வாசலைத் திறந்தே வைத்த கதை இது.

65,536 போதும் என்று நினைத்த காலம்

மென்பொருளையாவது அப்டேட் செய்யலாம். அஸ்திவாரத்திலேயே இடம் விடாமல் போனால்? இந்தக் கேள்விக்குத் தமிழோடு நேரடித் தொடர்பு உண்டு.

உலகின் எழுத்துகள் அனைத்தையும் ஒரே அட்டவணையில் கொண்டுவரும் யூனிகோடின் முதல் பதிப்பு 1991-ல் வெளியானது. ஒவ்வொரு எழுத்துக்கும் 16 பிட் என்று முடிவு செய்தார்கள். அதாவது மொத்தம் 65,536 இடங்கள். புழக்கத்தில் இருக்கும் மொழிகளுக்கு அது போதும் என்பது அன்றைய கணக்கு. தமிழுக்கு அதில் 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அதை நம்பி விண்டோஸ் என்டி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் ஓர் எழுத்து என்றால் 16 பிட் என்று கட்டப்பட்டன.

போதவில்லை. 1996-ல் வந்த யூனிகோட் 2.0, 16 பிட் எண்கள் இரண்டைச் சேர்த்து ஓர் எழுத்தைக் குறிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மொத்த இடங்கள் 11 லட்சத்தைத் தாண்டின. அப்படித் திறந்த புதிய தளத்தில்தான் பின்னாளில் பெரும்பாலான எமோஜிகள் வந்து உட்கார்ந்தன. 2019-ல் யூனிகோட் 12.0-ல் தமிழுக்கென்று இன்னொரு பகுதியும் அங்கே கிடைத்தது. முந்திரி எனப்படும் 320-ல் ஒரு பங்கு முதலான பழைய தமிழ்ப் பின்னங்கள், ஆழாக்கு, உழக்கு, குறுணி போன்ற அளவைக் குறிகள் என 51 குறியீடுகள் அதில் உள்ளன. பழைய ஓலைகளிலும் கணக்கு ஏடுகளிலும் இருந்ததை இனி கணினியில் அப்படியே எழுத்தாகப் பதியலாம். 65,536-லேயே நின்றிருந்தால் எமோஜிக்கும் இந்தத் தமிழ்க் குறிகளுக்கும் இந்த இடம் கிடைத்திருக்காது.

ஆனால் முதலில் இடம் விடாததற்கான வட்டியை உலகம் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் ஒரே ஒரு சிரிப்பு எமோஜியை வைத்து அதன் நீளத்தைக் கேட்டால் 2 என்று பதில் வரும். பெயரை இத்தனை எழுத்தில் வெட்டு என்று எழுதிய நிரல், எமோஜியை நடுவில் வெட்டிக் கட்டமாகக் காட்டுவதும் இதனால்தான். 1990-களின் முடிவு அது. அதன் மேல் அத்தனை பேர் கட்டிவிட்டதால் இன்று மாற்ற வழியில்லை.

அதே காலத்தில் இன்னொரு வடிவமைப்பும் பிறந்தது. 1992 செப்டம்பரில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் உருவாக்கிய யுடிஎஃப்-8. ஓர் எழுத்துக்கு இத்தனை பைட் என்று கட்டிப்போடாமல், தேவைக்கேற்ப நீளும்படி அமைத்தார்கள். பழைய ஆங்கில ஃபைல்கள் எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே செல்லும். தமிழும் சீனமும் பின்னர் வந்த எமோஜியும் அதே முறையில் அடங்கும். இன்று இணையத்தின் மிகப் பெரும்பாலான பக்கங்கள் அதில்தான் ஓடுகின்றன.

திறக்காத கதவும் துருப்பிடிக்கும்

இடம் விட்டால் மட்டும் போதுமா? போதாது. விட்ட இடத்தை யாரும் பயன்படுத்தாமல் இருந்தால் அது இருப்பதே மறந்துபோகும்.

இணையத்தில் பூட்டுக் குறியோடு தெரியும் பாதுகாப்பான இணைப்புகளுக்கு டி.எல்.எஸ். என்று பெயர். புதிய பதிப்பு எண்ணோடு ஒருவர் வந்தால் 'எனக்குத் தெரிந்த பழைய பதிப்பில் பேசலாம்' என்று பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் விதியிலேயே இருந்தது. ஆனால் வருடக்கணக்கில் புதிய எண் எதுவும் வராததால், நடுவில் இருந்த பல கருவிகள் தெரியாத எண்ணைக் கண்டதும் இணைப்பையே துண்டித்தன. கடைசியில் 2018-ல் வெளியான டி.எல்.எஸ். 1.3, தன்னை 1.2 என்றே முகப்பில் சொல்லிக்கொண்டு, உண்மையான எண்ணை உள்ளே வேறோர் இடத்தில் வைத்து அனுப்ப வேண்டியதாயிற்று.

அந்தச் சூட்டில் கூகுள் பொறியாளர்கள் ஒரு வேடிக்கையான தீர்வைக் கொண்டுவந்தார்கள். குரோம் பிரவுசர் வேண்டுமென்றே அர்த்தமில்லாத சில எண்களைச் சேர்த்து அனுப்பும். தெரியாததைத் தாண்டிப் போகத் தெரியாத சர்வர் உடனே மாட்டிக்கொள்ளும். இந்த முறைக்கு வைத்த பெயரே 'க்ரீஸ்'. கீலுக்கு எண்ணெய் விடுவது போல.

அப்படியானால் எங்கே கம்பி விட வேண்டும்?

எந்த ஐடி அலுவலகத்திலும் இந்த உரையாடலைக் கேட்கலாம்.

"இப்போதைக்கு ஒரு பேமென்ட் கேட்வேதான் இருக்கு. ஆனா நாளைக்கு பத்து வரலாம்ல? இப்பவே ப்ளக்-இன் மாதிரி பண்ணிடலாமே."

"வரட்டும், அப்ப பாத்துக்கலாம் ப்ரோ. ரெண்டாவது எப்படி இருக்கும்னே தெரியாம எதுக்கு இடம் விடுறது?"

இரண்டாவது ஆள் சொல்வதில்தான் நியாயம் அதிகம். 'தேவைப்படாது, விட்டுவிடு' என்ற இந்த வாதம் மென்பொருள் துறைக்குப் புதிதல்ல. ஒரே ஒரு உதாரணத்தை வைத்துப் போட்ட பொது வடிவம், இரண்டாவது உதாரணம் வரும்போது பெரும்பாலும் பொருந்துவதில்லை. வராத ஒன்பது கேட்வேக்காக எழுதிய நிரலை யாரோ ஒரு ஜூனியர் வருடக்கணக்கில் படித்துப் புரிந்துகொண்டு, பயந்து பயந்து திருத்திக்கொண்டிருப்பார். கம்பி துருப்பிடித்தால் வீட்டுக்காரருக்கு நஷ்டம். இங்கே நஷ்டம் அந்த ஜூனியரின் வார இறுதி.

ஆனால் "அப்புறம் பாத்துக்கலாம்" எல்லா இடத்திலும் செல்லாது. பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: இதைப் பின்னால் மாற்ற யாருடைய சம்மதம் வேண்டும்?

சொந்தக் குழு மட்டும் போதும் என்றால், இடம் விடத் தேவையில்லை. எளிமையாக எழுதி, நல்ல டெஸ்ட்களோடு வைத்துவிட்டு, தேவை வரும்போது பிரித்துக் கட்டலாம்.

வெளியாட்களின் சம்மதம் வேண்டும் என்றால், அங்கே முதல் நாளே இடம் விட வேண்டும். வாடிக்கையாளரின் ஃபோனில் சேமித்த ஃபைல், மற்ற நிறுவனங்கள் நம்பி இணைந்திருக்கும் ஏபிஐ, டேட்டாபேஸில் உட்கார்ந்துவிட்ட வடிவம் எல்லாம் இந்த வகை. செலவும் அதிகமில்லை. ஃபைலில் ஒரு பதிப்பு எண், தெரியாத தகவல் வந்தால் தாண்டிப் போகும் பழக்கம், எண்ணைக் கொஞ்சம் தாராளமாகப் போடுவது. வெப் பிரவுசர்கள் தெரியாத டேகைக் கண்டால் விழுந்துவிடாமல் தாண்டிப் போகின்றன. 1990-களில் எழுதிய பல பக்கங்கள் இன்றும் திறப்பதற்கும், எச்டிஎம்எல்லில் புதிய டேகுகளைச் சேர்த்துக்கொண்டே போக முடிவதற்கும் அந்தச் சின்னப் பழக்கம் முக்கியக் காரணம்.

இடம் விடாவிட்டால் என்ன ஆகும் என்று தமிழர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பெயர் என்றால் ஒரு முதற்பெயர், ஒரு குடும்பப் பெயர் என்று யாரோ எங்கோ முடிவு செய்த இரண்டு பெட்டிகள். அதற்குள் இனிஷியலைத் திணிக்க முடியாமல், அப்பா பெயரை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல், டிக்கெட்டில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் ஒரு பெயருமாக கவுன்டரில் நின்று விளக்கம் சொன்னவர்கள் எத்தனையோ பேர். அந்த இரண்டு பெட்டிகளை நம்பி இன்று எத்தனையோ சிஸ்டம்கள் ஓடுகின்றன. தனியாக ஒரு நிறுவனம் நினைத்தாலும் மாற்ற முடியாது. முதல் நாளே 'முழுப்பெயர்' என்று ஒரே பெட்டி வைத்திருந்தால் பாதித் தலைவலி இருந்திருக்காது.

அடுத்த டிசைன் மீட்டிங்கில் "எக்ஸ்டென்சிபிளா இருக்கணும்" என்று யாராவது சொன்னால், தலையாட்டும் முன் கேட்க வேண்டியது இதுதான்: எந்த இடம், யாருக்காக, அதைப் பின்னால் மாற்ற யாரிடம் போய் நிற்க வேண்டும்? பதில் வராவிட்டால் கம்பி வேண்டாம். பதில் வந்தால், அந்த இடத்தில் கம்பி மட்டும் போதாது. அஸ்திவாரத்தையும் சேர்த்தே போட வேண்டும்.